ஓடத்தில் உட்காராத மன்னர்

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னால் சுற்றுவட்டாரத்தில் நாலு நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் நான் பேர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், மகரகேது என்றொரு மன்னர் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டார். அரியணையில் அமர்ந்த கையோடு எழுந்துவிடுவார். மன்னர் முன்னால் நடக்க, மந்திரிகள் பின்னால் ஓட, புலவர்கள் மூச்சிரைக்கப் பாட, சபை தினமும் அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வரும். சாப்பாடும் நடந்துகொண்டேதான். முகம் மழிக்கிற நாவிதர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கால்களைப் போலவே மனசும். காலையில் தோன்றியது மத்தியானம் பிடிக்காது. மத்தியானம் பிடித்தது பொழுது சாய்வதற்குள் கசந்துவிடும். இப்படிப்பட்டவர் கையில் நாடு இருந்தும் அது பிழைத்துக் கிடந்ததற்கு ஒரே காரணம், அங்கே இருந்த ஒரு பழைய வழக்கம்தான்.

அந்த நாட்டில் முரசு அறைந்தால்தான் ஒரு சொல் சட்டமாகும். ஆனால் நினைத்தவுடன் முரசு அறைய முடியாது. மன்னர் ஒரு புதிய சட்டம் போட நினைத்தால், அதை முதலில் சந்தையில் சொல்ல வேண்டும். உப்பு விற்பவரும் மாடு ஓட்டி வந்தவரும் காய்கறிக்காரியும் அதைக் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போவார்கள். குறை இருந்தால் அடுத்த சந்தையில் வந்து சொல்வார்கள். அந்தக் குறையைத் தீர்த்த பிறகுதான் முரசு. முடிசூட்டும்போதுகூட மன்னர் முதலில் முரசின் தோலில் உள்ளங்கையை வைத்து, "சந்தை கேட்காததை இந்த முரசு சொல்லாது" என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தலையில் கிரீடம் ஏறும். மகரகேதுவும் அப்படித்தான் உறுதி சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த சந்தைவரை காத்திருப்பது என்றால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மன்னர் ஆற்றைக் கடக்க ஓடத்தில் ஏறினார். ஏறியவர் சும்மா இருப்பாரா? ஓடத்துக்குள்ளேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஓடம் தொட்டில் கணக்காக ஆடியது. ஓடக்காரன் வீரணன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"சாமி, ஒக்காருங்க. ஓடத்துல ஏறிட்டா ராசாவா இருந்தாலும் ஒக்காரணும். இல்லாட்டி எல்லாருமா சேர்ந்து தண்ணி குடிக்க வேண்டியதுதான்."

மன்னருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கரை வந்ததும் கோபம் பாதி ஆறிவிட்டது. மீதிப் பாதியை ஆறவிடாமல் ஊதியவர் தலைமை மந்திரி அனந்தராயர். அவருக்கு அந்த வீரணன் மேல் ஒரு பழைய கடுப்பு. தம்முடைய குதிரைகளை ஆட்களோடு சேர்த்து ஒரே ஓடத்தில் ஏற்றச் சொன்னபோது, பாரம் தாங்காது என்று முகத்துக்கு நேரே மறுத்தவன் அவன்.

"பிரபு, மன்னரை உட்காரச் சொல்ல ஓர் ஓடக்காரனுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? இன்று உட்காரச் சொன்னவன் நாளை எழுந்திரு என்பான். அரியணையிலிருந்து!" என்றார் அனந்தராயர்.

நடந்துகொண்டே மன்னர், "அவன் துடுப்புப் பிடிக்கும் கையை வெட்டுங்கள்" என்றார்.

சபை அப்படியே நின்றது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. விகடகவி ஏகம்பன். சபையில் அவன் வேலை மன்னரைச் சிரிக்க வைப்பது. அன்று அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"பிரபு, மன்னரை உட்காரச் சொல்வது குற்றம் என்று எந்த முரசும் இதுவரை சொன்னதில்லை. சொல்லாத சட்டத்தை அவன் எப்படி மீறியிருக்க முடியும்? மேலும், புகார் சொன்னவர் மந்திரியார், வழக்கை விசாரித்தவர் மந்திரியார், கத்தி தீட்டச் சொல்லி ஆள் அனுப்பியவரும் மந்திரியார். வீரணன் பக்கம் பேச யார் இருக்கிறார்கள்?"

"சந்தைவரை காத்திருக்கச் சொல்கிறாயா?" என்று மன்னர் வேகமாகத் திரும்பினார். "காத்திருந்து காத்திருந்து எனக்குக் காலே மரத்துவிட்டது, ஏகம்பா!"

அனந்தராயர் இந்த நொடிக்காகத்தான் பல காலமாகக் காத்திருந்தார். "எதற்காகக் காத்திருக்க வேண்டும், பிரபு? நாட்டுக்கு மன்னர் பெரியவரா, உப்பு விற்கிறவன் பெரியவனா? மன்னர் வாயிலிருந்து வருவதெல்லாம் சட்டம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. முரசை நமது ஏகம்பனே அறையட்டும். அதன் மேல் அவருக்குத்தான் அத்தனை அன்பாயிற்றே! மன்னர் சொல்வதில் ஒரு சொல்லை விட்டாலும், அறையத் தயங்கினாலும், ஏகம்பன் தலை போகட்டும்."

மன்னருக்குப் பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். இந்தக் கணம் முதல் என் வாயிலிருந்து வருவதெல்லாம் சட்டம். முரசு அறைந்த நொடியில் நாடு கீழ்ப்படிய வேண்டும். அந்த ஓடக்காரன் கையை நாளைக் காலை அதே துறையில், நான் அக்கரைக்கு வந்து பார்க்க, வெட்டுங்கள்."

முரசு ஏகம்பன் கழுத்தில் தொங்கியது. மன்னர் சொன்னதை அவன் அறைந்தான். அவன் அறைந்தால் அரண்மனை மதில்மேல் இருப்பவன் கேட்டு அறைவான். அதைக் கேட்டுக் குன்றின்மேல் இருப்பவன். அப்படியே எல்லைவரைக்கும் போய்விடும்.

அரண்மனை வாசலில் வீரணனின் மனைவி வெள்ளச்சி நின்றிருந்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம்.

"ஏங்க ஐயா, நீங்க தான் அந்த முரச அடிச்சீங்களா? எம்புருசன் கையை எடுக்குறதுக்கு நீங்க தாளம் போடுறீங்களா? அந்தக் கைய நம்பித்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது. உங்க வாயி அம்மாம் பெரிய வாயின்னு ஊரே சொல்லுதே, அது எங்கே போச்சு?"

ஏகம்பனுக்குச் சுருக்கென்றது. "என் வாய்க்கு இனி வேலையில்லை, தாயே. மன்னர் வாய்தான் பேச வேண்டும். அவரைப் பேசவிடு. நாளைக் காலையில் துறைக்கு வா. வலை அறுக்கிற கத்தி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொள்."

"கத்தி எதுக்குங்க?"

"அது எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு ஏகம்பன் மன்னர் பின்னால் ஓடினான். பொய் சொல்லவில்லை.

மன்னர் சாப்பிட்டுக்கொண்டே முற்றத்தில் நடந்தார். சாற்றை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீ, ஒரே உப்பு! இனிமேல் உப்பே வேண்டாம்."

டம் டம் டம்! "இனிமேல் உப்பே வேண்டாம்!" என்றான் ஏகம்பன். மதில்மேல் டம் டம். குன்றின்மேல் டம் டம்.

மன்னர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எதற்கு அறைந்தாய்?"

"உங்கள் வாயிலிருந்து வந்தது, பிரபு."

மன்னருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தாம் ஒரு வாய்ச் சாற்றைப் பற்றிச் சொன்னது எல்லைவரை கேட்கிறதே! அன்று பொழுது சாய்வதற்குள் உப்பு வண்டிகள் எல்லாம் வந்த வழியே திரும்பின. ஊறுகாய்ப் பானைகளைத் தெருவில் கவிழ்த்தார்கள். அடுத்த வேளை மன்னர் வாயில் வைத்த சோறு, குழம்பு, கூட்டு எதிலும் ஒரு கல் உப்பு இல்லை. அவர் தட்டைத் தள்ளிவிட்டு முன்னைவிட வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து அனந்தராயர் வந்து, "உப்பில்லாத உணவு அறிவுக்கு நல்லது, பிரபு" என்று இளித்தார்.

பசியில் இருந்தவர் மன்னர். "அனந்தராயரே, நீர் ஒரு கழுதை!"

டம் டம் டம்! "அனந்தராயர் ஒரு கழுதை!"

இதற்கு மட்டும் ஏகம்பன் கொஞ்சம் பலமாகவே அறைந்தான் என்று சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

வீட்டுக்குப் போய்த் திரும்பிய அனந்தராயரை அரண்மனை வாசற்காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்கள். கழுதைகள் உள்ளே வரக் கூடாது என்று எப்போதோ போட்ட சட்டம் அங்கே இருந்தது. "நான் தலைமை மந்திரியடா!" என்று அவர் கத்தினார். காவலன் தலையைச் சொறிந்தான். "அது முன்னாடிங்க. இப்ப முரசுல வேற மாதிரில்ல சொன்னாங்க." அந்தப் பக்கமாக வந்த சலவைத் தொழிலாளி ஒருவர், ஆற்றுக்குப் போகிற மூட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முதுகை யோசனையோடு பார்த்தார். அனந்தராயர் ஓடியே போய்விட்டார்.

மன்னருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. தம் வாயைக் கண்டே அவருக்கு ஒரு பயம் வந்துவிட்டது. ஒரு சொல் சொல்வதற்கு முன் ஏகம்பனின் கையைப் பார்ப்பார். குச்சி தயாராக இருக்கும். வாயை மூடிக்கொண்டு நடப்பார். விடிவதற்குள் அவர் அரண்மனையை எத்தனை சுற்றுச் சுற்றினாரோ.

காலையில் துறைக்கு வந்தார்கள். அக்கரையில் வீரணனை ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் வெட்டுக்கத்தியோடு ஒருவன். கொஞ்சம் தள்ளிக் கூட்டத்தில் வெள்ளச்சி. இக்கரையில் ஓடத்துக்கு ஒரு புதிய ஓடக்காரன்.

மன்னரும் ஏகம்பனும் ஏறினார்கள். காவலர்கள் ஏறினார்கள். அனந்தராயர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறினார். ஏறியவர், "என் குதிரைகளையும் ஏற்று" என்றார்.

புதிய ஓடக்காரன் குதிரைகளைப் பார்த்தான், ஓடத்தைப் பார்த்தான், அக்கரையில் கட்டுண்டு நின்ற வீரணனைப் பார்த்தான். பாரம் தாங்காது என்று அவனுக்கும் தெரியும். "ஏத்துங்க சாமி, ஏத்துங்க. எனக்கு எதுக்கு வம்பு" என்றான்.

ஓடத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. நடு ஆற்றுக்கு வந்ததும் மன்னருக்குக் கால் நிற்கவில்லை. இந்தக் கோடிக்கு நடந்தார். ஓடம் சாய்ந்தது. அந்தக் கோடிக்கு நடந்தார். அந்தப் பக்கம் சாய்ந்தது. புதிய ஓடக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டானே தவிர, உட்காருங்கள் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? குதிரை ஒன்று மிரண்டு காலை உதைத்தது. காவலர்கள் ஒரு பக்கமாகச் சரிந்தார்கள். தண்ணீர் குபுக்கென்று உள்ளே வந்தது.

மன்னர் அலறினார். "ஒருவரும் அசையக் கூடாது! என் நாட்டில் ஒருவர்கூட, ஒரு விரல்கூட அசையக் கூடாது!"

டம் டம் டம்!

அறைந்துவிட்டு ஏகம்பன் குச்சியை ஓங்கியபடியே சிலைபோல நின்றான். கரையில் முரசுக்காரன் அறைந்துவிட்டு அப்படியே நின்றான். புதிய ஓடக்காரனின் துடுப்பு அந்தரத்தில் நின்றது. அக்கரையில், மன்னர் வருவதற்குள் ஒரு தடவை ஓங்கிப் பார்த்துக்கொண்டிருந்த கத்திக்காரனின் கை பாதி உயரத்தில் நின்றது. ஆறு மட்டும் நிற்கவில்லை. அது ஓடத்தை மெல்ல இழுத்துக்கொண்டு, கீழே பாறைகளுக்கு நடுவே இருந்த சுழியை நோக்கிப் போனது.

"துடுப்புப் போடடா!" என்றார் மன்னர்.

ஓடக்காரன் உதடு மட்டும் அசையப் பேசினான். "முரசு அடிக்கலீங்களே, மகாராசா. அதுக்கு முந்தி அசைஞ்சா என் கையும் போயிருமுங்க."

"ஏகம்பா, முரசை அறை! எல்லாரும் அசையலாம் என்று அறை!"

"அறைய வேண்டும் என்றால் கை அசைய வேண்டுமே, பிரபு. கை அசையக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை மாற்ற முரசு அறைய வேண்டும். முரசு அறையக் கை அசைய வேண்டும்."

மன்னர் குச்சியைத் தாமே பிடுங்கப் பாய்ந்தார். சட்டம் தம்மைக் கட்டாது என்று அவர் நினைத்தார். ஆறு அப்படி நினைக்கவில்லை. அவர் கால் வைத்த பக்கம் ஓடம் சரிந்து தண்ணீர் முழங்கால்வரை வந்தது. மன்னர் மகரகேது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எழும் எண்ணமே இல்லாமல் சட்டென்று உட்கார்ந்தார். ஓடத்தின் அடிப்பலகையில், உள்ளே புகுந்த தண்ணீரில்.

சுழியின் இரைச்சல் இப்போது நன்றாகக் கேட்டது. அனந்தராயர் ஒரு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"ஏகம்பா, ஏதாவது வழி சொல். உன்னைக் கும்பிடுகிறேன்."

"பழைய வழி ஒன்று இருக்கிறது, பிரபு. சந்தை கேட்காதது சட்டமாகாது. அது இருந்திருந்தால், நீங்கள் இப்போது அலறியது அடுத்த சந்தைவரை வெறும் அலறல்தான். நாங்கள் அசையலாம்."

"அதைத்தான் நேற்று எடுத்துவிட்டேனே!"

"எந்தச் சந்தையில் சொல்லி எடுத்தீர்கள்?"

மன்னர் ஓடத்தின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏகம்பன் தொடர்ந்தான்.

"அந்த முரசில் கை வைத்து உறுதி சொன்னதால்தான் உங்கள் தலையில் கிரீடம் ஏறியது. உங்களை மன்னராக்கியதே அந்தச் சொல்தான். அதை உங்கள் வாயால் எடுக்க முடியும் என்றால், எடுத்த கணமே நீங்கள் மன்னர் இல்லை. மன்னர் இல்லாதவர் சொன்னால் அது எப்படிச் சட்டமாகும்? எடுக்க முடியாது என்றால் அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் நேற்று முதல் நான் அறைந்ததெல்லாம் வெறும் சத்தம். என் தலைக்குப் பயந்து அறைந்தேன்."

"சரி, சரி! வெறும் சத்தம்தான்! உப்பும் சத்தம், கழுதையும் சத்தம்! அசையுங்கள் எல்லாரும்!"

ஏகம்பன் அசையவில்லை. "வீரணன் கை, பிரபு?"

அந்த நேரத்திலும் அனந்தராயர் ஒரு கண்ணைத் திறந்தார். "பிரபு, அதை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே..."

"வாயை மூடும்!" என்று மன்னர் கத்தியதில் குதிரையே நடுங்கியது. "எனக்கு ஒரு சட்டம், அவன் கைக்கு ஒரு சட்டமா? அதுவும் சத்தம்தான்! அவிழ்த்துவிடுங்கள் அவனை!"

ஏகம்பன் அக்கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூவினான். "வெள்ளச்சி! கயிற்றை அறு!"

கத்திக்காரன் அசையலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் வெள்ளச்சி கயிற்றை அறுத்துவிட்டாள். வீரணன் கரையில் கிடந்த வடத்தின் ஒரு நுனியைக் கூட்டத்திடம் வீசிவிட்டு, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆற்றில் பாய்ந்தான். சுழிக்குச் சற்று முன்னால் ஓடத்தின் முனையைப் பிடித்தான். யாரையும் வணங்கவில்லை, யாரையும் வையவில்லை.

"குதிரைங்கள தண்ணியில எறக்குங்க, அதுங்க நீந்திக்கும். பாக்கி எல்லாரும் ஒக்காருங்க!"

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மன்னர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். கரையிலிருந்து வடத்தை இழுத்தார்கள். ஓடம் மணலில் போய் முட்டியது.

மன்னர் மணல்திட்டில் நனைந்த உடையோடு அமர்ந்து வீரணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அந்தக் கையைத் தம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. முரசு பக்கத்தில் இருந்ததால் பயமோ என்னவோ. அப்புறம் ஏகம்பன் பக்கம் திரும்பினார்.

"அடே, அந்தச் சுழியின் வாயில் நின்றுகொண்டு என்னோடு வழக்காடினாயே. உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது, பிரபு."

மன்னர் சிரிக்க ஆரம்பித்தார். "இந்த மணல்திட்டும் இதையொட்டிய தோப்பும் இனி உனக்கு. ம், அறை முரசை!"

ஏகம்பன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டான். "சந்தை கேட்கட்டும், பிரபு."

முதலில் வந்த சந்தையில் சொன்னார்கள். அடுத்த சந்தைக்கு மன்னரே போனார். குறை கேட்கும் வேலையை அன்றிலிருந்து அனந்தராயருக்குத் தந்திருந்தார்கள். வெயிலில், நின்றுகொண்டே. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று அவர் வேண்டாவெறுப்பாகக் கேட்டார். ஊரே ஏகம்பனை வாழ்த்திக்கொண்டிருந்தது. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் வெள்ளச்சி.

"எனக்கு இருக்குதுங்க. ஐயா தெய்வம் மாதிரி, என் வீட்டு அடுப்பு எரியுறது அவராலதான். அதெல்லாம் வேற. அந்தத் திட்டுலதான் துறைச் சனம் பூராவும் வலை காயப்போடுறோம், ஓடத்தக் கவுத்துத் தார் பூசுறோம், அந்தத் தோப்புலதான் வெயிலுக்கு ஒதுங்குறோம். அதத் தூக்கி ஒருத்தருக்குக் குடுத்தா நாங்க எங்க போறது? குடுக்கக் கூடாதுங்க."

எல்லாரும் ஏகம்பனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஒரு தோப்பு முழுசாகக் கைவிட்டுப் போனது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டான். "அவள் சொல்வது சரிதான்" என்றான்.

மன்னர் சிரித்தார். உப்பு மூட்டைமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து ஏகம்பனுக்குப் போர்த்தினார்.

"இது நாட்டுடையது இல்லை. என் அம்மா எனக்குத் தந்தது. இதைக் கொடுக்க நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இல்லையா, அம்மா?" என்று வெள்ளச்சியைப் பார்த்தார்.

வெள்ளச்சி கிட்டே வந்து சால்வையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது உங்க பொருள், சாமி. அத நீங்க யாருக்கு வேணாலும் குடுங்க" என்றாள்.